கையெழுத்துக்கு முன்

நுழையும்முன்

பொருளியல் சில பாடப்பிரிவினர்க்கு மட்டும் உரியதா? பதினெட்டு வயதை நெருங்கும் மாணவர் அனைவர்க்கும் அது உரியது என்று வாதிடுகிறது இக்கட்டுரை.

பதினோராம் வகுப்பில் சேரும் நாளில் மாணவர்கள் பாடப்பிரிவுகளாகப் பிரிகின்றனர். வணிகவியல், கலைப் பிரிவுகளைத் தேர்ந்தவர்கள் பொருளியல் பயில்கின்றனர். அறிவியல் பிரிவினரோ பத்தாம் வகுப்புச் சமூக அறிவியலோடு அதனிடமிருந்து விடைபெற்றுவிடுகின்றனர். இரண்டு ஆண்டுகள் கழித்து இரு சாராருக்கும் பதினெட்டு வயது நிறைகிறது. ஒப்பந்தம் செய்துகொள்ளும் தகுதியைச் சட்டம் அவ்வயதில் வழங்குகிறது. அன்றுமுதல் அவர்கள் இடும் கையெழுத்து அவர்களைக் கட்டுப்படுத்தும். கடன் பத்திரத்தை நீட்டுபவர் எவரும், எந்தப் பாடப்பிரிவில் படித்தாய் என்று கேட்பதில்லை.

நம் மாணவர் பலர் முதன்முதலாகப் பெறும் பெரிய கடன் கல்விக்கடனே. படிப்புக் காலத்திலும் அதன்பின் ஓராண்டும் தவணை செலுத்த வேண்டியதில்லை என்பது வங்கிகள் பொதுவாகப் பின்பற்றும் முறை. இதைக் கேட்கும் குடும்பங்கள் பல, அக்காலத்துக்கு வட்டியும் இல்லை என்று எண்ணிக்கொள்கின்றன. தவணைதான் நிற்கிறது, வட்டி நிற்பதில்லை. ஆண்டுத் தொடக்கந்தோறும் ஒரு லட்சமாக, நான்கு ஆண்டுகளில் நான்கு லட்சம் ரூபாய் பெறும் பொறியியல் மாணவி ஒருவரை எண்ணிப் பார்ப்போம். தனிவட்டி 10 விழுக்காடு எனக் கொண்டால், முதலாண்டுத் தொகைக்கு ஐந்து ஆண்டு வட்டி. அடுத்தடுத்த தொகைகளுக்கு நான்கு, மூன்று, இரண்டு ஆண்டு வட்டி. ஐந்தாம் ஆண்டின் முடிவில் வட்டி மட்டும் 1,40,000 ரூபாய். முதல் தவணையைச் செலுத்தும் முன்பே கடன் 5,40,000 ரூபாய் ஆகிவிடுகிறது. இக்கணக்குக்கு நடுநிலைப் பள்ளியில் கற்ற தனிவட்டி வாய்பாடே போதும். எனினும் அவ்வாய்பாட்டைத் தேர்வுத்தாளில் எழுதிய கை, வங்கி மேசையில் அதை எழுதிப் பார்ப்பதில்லை. கல்விக்கடன் வேண்டா என்று நான் கூறவில்லை. முதல் தலைமுறைப் பட்டதாரிகள் பலருக்கு அது கதவைத் திறந்திருக்கிறது. படிக்கும்போதே வட்டியை மட்டுமேனும் செலுத்திவந்தால் சுமை குறையும் என்பதைக் கடைசி ஆண்டிலன்று, முதலாண்டிலேயே அறிந்திருக்க வேண்டும்.

தவணைக்குப் பொருள் தரும் இடங்களில் வேறொரு கணக்கு நடக்கிறது. 10,000 ரூபாய்க்கு 12 விழுக்காடு வட்டி. 1,200 ரூபாயைச் சேர்த்து 11,200 ரூபாயைப் பன்னிரண்டு மாதத்தில் கட்டினால் போதும் என்பார்கள். மாதந்தோறும் அசலில் ஒரு பகுதியைத் திருப்பித் தந்துகொண்டே வருகிறோம். ஆண்டு முழுவதற்கும் சராசரியாக நம்மிடம் இருக்கும் கடன் ஏறத்தாழ 5,400 ரூபாய்தான். ஆகவே, உண்மையான வட்டி 21 விழுக்காட்டைத் தாண்டுகிறது. ஊரில் 'இரண்டு வட்டி' என்று எளிதாகச் சொல்லப்படுவதும் மாதக் கணக்கே. ஆண்டுக்கு அது 24 விழுக்காடு. நண்பனுக்காகப் பிணைக் கையெழுத்திடுபவரின் நிலை இதனினும் இடர் மிக்கது. வேறு உடன்பாடு இல்லையெனில், கடன் பெற்றவருக்குள்ள அதே பொறுப்பு பிணை நின்றவருக்கும் உண்டு என்கிறது 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம்.

பள்ளிப் பருவத்தில் பிள்ளைகளிடம் பணத்தைப் பற்றிப் பேசலாமா என்று தயங்குவோர் உண்டு. மளிகைக் கடைக்குச் சென்று, "அப்பாவுக்குச் சம்பளம் வந்ததும் தருகிறோம்" என்று சொல்லிவர அனுப்பப்படும் பிள்ளைக்குப் பணம் புதிய செய்தியன்று. வள்ளுவரும் தயங்கவில்லை. வருவாயின் அளவறிந்து செலவிடுதலை அவர் 'வலியறிதல்' அதிகாரத்தில் வைத்துப் பேசுகிறார். அதை ஆள்பவனின் வலிமைகளுள் ஒன்றாகவே கருதினார் போலும்.

ஆனால், சிக்கனத்தை மட்டும் போதிக்கும் நிதிக் கல்வியை நான் ஏற்கமாட்டேன். ஜூன் மாதத்தில் கல்விக் கட்டணத்துக்காகத் தாயின் தோடு அடகுக்கடைக்குப் போகிறதென்றால், அவருக்குச் சேமிக்கத் தெரியவில்லை என்பதா அதன் பொருள்? அறுவடைக்கும் அடுத்த நடவுக்கும் இடையே கூலி இல்லாத மாதங்கள் உள்ளன. கூலி உயரும் முன்பே விலைவாசி உயர்ந்துவிடுவதும் உண்டு. வங்கி 6 விழுக்காடு வட்டி தரும் ஆண்டில் விலைகள் 7 விழுக்காடு ஏறினால், சேமித்தவரின் பணமும் தன் மதிப்பில் தேய்கிறது. இவற்றை விளக்குவது பொருளியல். அது இல்லாத நிதிக் கல்வி, வறுமையை ஏழையின் குற்றமாகக் காட்டிவிடும். வட்டிக் கணக்கு அறியாத பொருளியலோ தேர்வோடு மறந்துபோகும். இரண்டையும் சேர்த்தே கற்பிக்க வேண்டும் என்பதே என் கோரிக்கை.

இதற்குப் புதிய பாடநூல் வேண்டும் என்பதில்லை. முன்பு பள்ளிகளில் சஞ்சாயிகா என்னும் சேமிப்புத் திட்டம் இருந்தது. மாணவர் செலுத்திய சிறு தொகைகளை மாணவர்களே பதிவேட்டில் எழுதிக் கணக்கு வைத்தார்கள். இன்று அதனினும் பயன்மிக்க ஏடு வீட்டுக்கே வருகிறது. ரிசர்வ் வங்கியின் விதிப்படி, 2024 அக்டோபர் முதல், வங்கிகள் தனிநபர்க்கு வழங்கும் புதிய தவணைக் கடன்களுக்கு முக்கிய விவரத் தாள் ஒன்றைத் தர வேண்டும். கடன் பெறுபவருக்குப் புரியும் மொழியில் அது அமைதல் வேண்டும். வட்டியையும் கட்டணங்களையும் சேர்த்துக் கணக்கிட்ட ஆண்டு விழுக்காடு அதில் இருக்கும். பெயரையும் கணக்கு எண்ணையும் மறைத்துவிட்டு, அத்தகைய தாள் ஒன்றைக் கணக்கு வகுப்புக்குக் கொண்டுவரலாம். அறிவியல் பிரிவு மாணவரும் கலைப் பிரிவு மாணவரும் ஒரே பலகையில் அமர்ந்து அதை வரிவரியாகப் படிக்கட்டும்.