நாக்கைத் திட்டினால் சர்க்கரை குறையாது

கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமை இருப்பவர்கள் படியுங்கள். இல்லாதவர்கள் ஒரு கும்பிடு போட்டுவிட்டு நகரலாம், தப்பாக நினைக்க மாட்டேன்.

மாவுச்சத்தைக் குறைத்துச் சாப்பிடுவது பற்றித்தான். பேலியோ, கீட்டோ, லோ கார்ப் என்று ஆளுக்கொரு பெயர் வைத்திருக்கிறார்கள். அந்த முறை கெட்டது என்று சொல்ல வரவில்லை. நானே ஆறு வருடமாகச் சோற்றைக் குறைத்துத்தான் சாப்பிடுகிறேன். மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை 8.4-ல் இருந்தது, இப்போது 6.6. என் சண்டை அதைச் சொல்லிக்கொடுக்கிறவர்களோடு. முட்டை இறங்காது, பனீர் பிடிக்காது, காலிஃபிளவர் வாசனையே ஆகாது என்று ஒருவர் வாய் திறந்தால் போதும், "அப்படின்னா உங்களுக்கு உடம்பைவிட நாக்குதான் பெரிசு" என்று முகத்தில் அடித்தாற்போலச் சொல்கிறார்களே, அவர்களோடு.

என்னிடம் ஐந்தாம் வகுப்பு படித்த பையன் ஒருவன். இப்போது வயது 36, இரண்டு பிள்ளைகளுக்குத் தகப்பன். சர்க்கரை வந்துவிட்டது. பணம் கட்டி ஓர் ஆலோசகரிடம் சார்ட் வாங்கினான். காலையில் 100 பாதாம். மதியம் நான்கு முட்டை ஆம்லெட். சாயங்காலம் பட்டர் டீ. ராத்திரி காலிஃபிளவர் சாதத்தோடு பனீர். இதில் பாதாமைத் தவிர ஒன்றும் அவன் தொண்டையில் இறங்காது. சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். சத்துணவில் முட்டை போடும் நாளில் அவனுக்கு வாழைப்பழம்தான். முட்டை சாப்பிடாத பிள்ளைக்குப் பழம் கொடுங்கள் என்று அரசாங்கமே சொல்லியிருக்கிறது. சாப்பிடாத பிள்ளை இருக்கும் என்று அரசாங்கத்துக்குத் தெரிகிறது, பணம் வாங்குகிற ஆலோசகருக்குத் தெரியவில்லை. (முட்டைக்குப் பதில் பழம் என்பது புரதத்துக்குப் பதில் சர்க்கரை. அது வேறு சண்டை, இன்னொரு நாள் போடுகிறேன்.)

பதினொரு நாள் பாதாமும் தண்ணீருமாக ஓட்டினான். பாதாம் விற்கிற விலை உங்களுக்கே தெரியும். பன்னிரண்டாம் நாள் ராத்திரி நான்கு பரோட்டா. "வில் பவர் இல்லாதவங்களுக்கு இது சரிப்படாது" என்று பதில் வந்ததாம். அதோடு எல்லாவற்றையும் விட்டுவிட்டான். மாத்திரை பாட்டுக்கு மாத்திரை, சோறு பாட்டுக்குச் சோறு. அவன் அப்பாவுக்குச் சர்க்கரையால்தான் காலில் ஒரு விரலை எடுத்தார்கள். மகனுக்கும் அந்தக் கதி வந்தால் அந்த "வில் பவர்" பேச்சுக்கும் அதில் பங்கு உண்டு என்றுதான் சொல்வேன்.

இந்தப் பட்டியல்கள் எங்கிருந்து வருகின்றன என்று யோசித்திருக்கிறீர்களா? 1863-ல் லண்டனில் வில்லியம் பேன்டிங் என்று ஒருவர் உடம்பு இளைத்த கதையைச் சிறு புத்தகமாகப் போட்டார். சவ அடக்கத் தொழில் செய்தவர். காது சரியாகக் கேட்கவில்லை என்று வைத்தியரிடம் போனார். ரொட்டி, சர்க்கரை, உருளைக்கிழங்கு, பீர் எல்லாவற்றையும் நிறுத்து என்றார் வைத்தியர். ஒரு வருடத்தில் இருபது கிலோ அளவுக்கு இறங்கினார். மாவுச்சத்தைக் குறைக்கும் முறை ஊரெங்கும் பிரபலமானது அந்தப் புத்தகத்தால்தான். அவருடைய சாப்பாட்டுப் பட்டியலில் இறைச்சி, மீனோடு மதியம் இரண்டு மூன்று கிளாஸ் ஒயினும் உண்டு! இன்றைக்கு யாராவது அந்த ஒயினை எழுதிக் கொடுக்கிறார்களா? இல்லை. அது பேன்டிங்கின் வாய்க்குப் பழகியது, நமக்கு வேண்டாம் என்று விட்டுவிட்டார்கள். ஒயினை விடலாம் என்றால் முட்டையை ஏன் விடக்கூடாது? பட்டியல் எழுதுகிறவர் தன் நாக்குக்குப் பிடித்ததை எழுதுகிறார். அடுத்தவன் நாக்கு மறுத்தால் மட்டும் அது திமிர்.

நாக்கு மறுப்பது எல்லாம் திமிரும் இல்லை. 1931-ல் அமெரிக்காவில் ஆர்தர் ஃபாக்ஸ் என்ற வேதியியலாளர் ஒரு பொடியைக் கையாளும்போது அது காற்றில் பறந்தது. பக்கத்தில் இருந்தவர் கசக்கிறதே என்று முகம் சுளித்தார். ஃபாக்ஸுக்கு ஒரு சுவையும் தெரியவில்லை. ஒரே பொடி, இரண்டு நாக்கு. இந்த வித்தியாசம் பரம்பரையாக வருவது என்று பிறகு கண்டுபிடித்தார்கள். அந்தப் பொடியைப் போன்ற கசப்புப் பொருட்கள் முட்டைக்கோஸ், காலிஃபிளவர் குடும்பத்தில் இருக்கின்றன. உங்களுக்கு வெறும் காயாகத் தெரிவது இன்னொருவருக்குக் கசப்பாகத் தெரியலாம். வெகு சிலருக்கு உணவை ஒதுக்குவது நோய் அளவுக்கே போகும். 2013-லேயே அமெரிக்க மனநல மருத்துவர்களின் கையேட்டில் அதற்குத் தனிப் பெயர் கொடுத்துச் சேர்த்துவிட்டார்கள்.

ஆசிரியர் பயிற்சியில் முதல் வருடமே எங்களுக்கு உருப்போட வைத்த வாசகம், "தெரிந்ததிலிருந்து தெரியாததற்கு". ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு எழுத எளிதான எழுத்துகளைக் கொடுத்து, படம், பட்டம் என்று அதற்குத் தெரிந்த சொல்லில் தொடங்குவோம். எடுத்த எடுப்பில் ஔவும் ஃகும் கொடுத்துவிட்டு, எழுதாத பிள்ளையை மக்கு என்கிற வாத்தியாருக்கு என்ன பெயர்? டயட் சார்ட்டில் நடப்பது அதேதான்.

நான் எப்படி ஆரம்பித்தேன் என்று சொல்கிறேன். முட்டை, பால், காளான், கத்திரிக்காய், பாகற்காய் எதுவும் எனக்கு ஆகாது. "நாக்கு நாலு முழம்" என்று என் மாமியார் சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார்கள், பாவம். ஆகாததை விட்டுவிட்டேன். ஆகிறதை ஒரு பழைய நோட்டில் எழுதினேன். அவரைக்காய், புடலங்காய், முருங்கைக்கீரை, தேங்காய்த் துவையல், பாசிப்பயறு, வேர்க்கடலை, மோர், நெத்திலிக் கருவாடு, ரசம், சோறு. பத்துப் பொருள்தான். புதிதாக ஒன்றும் வாங்கவில்லை. தட்டில் அளவை மட்டும் மாற்றினேன். மூன்று கரண்டி சோறு ஒன்றரை ஆனது. ஒரு கரண்டி பொரியல் மூன்றானது. நாலு மணிப் பசிக்கு முறுக்குக்குப் பதில் ஒரு கைப்பிடி வேர்க்கடலை. நூறு கிராமில் 25 கிராம் புரதம், பாதாமைவிடக் கொஞ்சம் கூடத்தான், விலையோ அதில் சொற்பம். இட்லி நான்கு இரண்டானது, கூடவே ஒரு கிண்ணம் பயறு. பயறிலும் மாவுச்சத்து உண்டுதான். ஆனால் நாரும் புரதமும் கூட வருவதால் சர்க்கரை மெதுவாக ஏறும்.

"இதெல்லாம் லோ கார்ப்பே இல்லை" என்று கிளம்புவார்கள், தெரியும். ஐசிஎம்ஆரின் இன்டியாப் ஆய்வுப்படி நாம் சாப்பிடும் கலோரியில் சுமார் 62 சதவீதம் மாவுச்சத்திலிருந்து வருகிறது. அதே குழுவினர் 2022-ல் கணக்குப் போட்டுச் சொன்னது, அதை 50 முதல் 55 சதவீதம் அளவுக்கு இறக்கிப் புரதத்தைக் கூட்டினாலே நல்ல பலன் கிடைக்கும் என்று. அந்த அளவு இறக்குவதற்கு 100 பாதாம் தேவையில்லை, காலிஃபிளவரைத் துருவவும் தேவையில்லை.

இன்னொரு கூட்டம், அரிசி வேண்டாம், சப்பாத்தி சாப்பிடு, தினை சாப்பிடு, ஓட்ஸ் குடி என்பவர்கள். ஐயா, கோதுமையிலும் தினையிலும் ஓட்ஸிலும் நூறு கிராமுக்கு 60 முதல் 70 கிராம் மாவுச்சத்து இருக்கிறது. அரிசியில் 78. நார் கொஞ்சம் கூடுதல், ஒத்துக்கொள்கிறேன். அதற்காகப் பிடிக்காத சப்பாத்தியை ராத்திரி ஐந்து விழுங்குவதில் என்ன லாபம்?

அந்தப் பையனைப் போன மாதம் வீட்டுக்கு வரச்சொல்லி அவனுக்கும் ஒரு நோட்டு போட்டோம். பதினான்கு பொருள் தேறியது, என்னைவிட நாலு கூட! முட்டைப் பேச்சையே எடுக்கவில்லை. மாதம் ஒரு புதுப் பொருள், அதுவும் ஒரே ஒரு வாய், பிடித்த குழம்போடு. பிள்ளைகளுக்குப் புதுச் சுவை படிய பத்துப் பதினைந்து தடவைகூட ஆகும் என்கிறார்கள். பெரியவர்களுக்கு மட்டும் முதல் நாளே படிந்துவிட வேண்டுமாம்.

திட்டுவதைவிடப் பெரிய ஆபத்து ஒன்று இருக்கிறது. சார்ட் கொடுக்கிறவர்கள் எத்தனை பேர், என்ன மாத்திரை போடுகிறீர்கள் என்று கேட்கிறார்கள்? கிளிமிபிரைடு போன்ற மாத்திரையோ இன்சுலினோ எடுக்கிறவர் திடீரென்று சோற்றை நிறுத்தினால் சர்க்கரை 70-க்குக் கீழே போய்விடும். என்னோடு வேலை பார்த்த ஒருவர் இப்படித்தான் பேருந்து நிலையத்தில் வியர்த்து ஊற்றிக் கீழே விழுந்தார். டாபாகிளிஃப்ளோசின் வகை மாத்திரையோடு கீட்டோ இருந்தால் ரத்தத்தில் அமிலம் ஏறும் ஆபத்து உண்டு. சிறுநீரகம் பழுதானவர் புரதத்தைக் கூட்டினால் அது தனித் தொல்லை. உணவை ஒதுக்கிச் சாப்பிடுகிறவருக்கு இதில் ஆபத்து இரட்டிப்பு. சோற்றை எடுத்துவிட்டால் அவர் தட்டில் அதற்குப் பதில் ஒன்றுமே இருக்காது, மாத்திரை மட்டும் வழக்கம்போல உள்ளே போகும். கரண்டியைக் குறைப்பதற்கு முன்னால் மருத்துவரிடம் மாத்திரைச் சீட்டைக் காட்டி, அளவை மாற்ற வேண்டுமா என்று கேட்டுவிடுங்கள்.

கமெண்டில் தயவுசெய்து யாரும் சார்ட் போடாதீர்கள், அழித்துவிடுவேன். உங்களுக்கு இறங்குகிற பொருட்களை மட்டும் எழுதுங்கள். ஐந்தே ஐந்து இருந்தாலும் பரவாயில்லை. அதை வைத்து ஒரு வாரத்துக்கு என்ன சமைக்கலாம் என்று உட்கார்ந்து யோசிக்க எனக்கு இப்போது நேரம் நிறைய இருக்கிறது.