கணித வகுப்பைத் தலைகீழாக்குவோம், பிள்ளைகளைக் கைவிடாமல்: எங்கள் நிலைப்பாடு

மலேசியாவின் செமினியிலும் அதை ஒட்டிய ரிஞ்சிங், பெரானாங் வட்டாரங்களிலும் இடைநிலைப்பள்ளி மாணவர்களுக்கு மாலை நேரக் கணித வகுப்பு நடத்தும் தன்னார்வலர்கள் நாங்கள். படிவம் ஒன்று முதல் மூன்று வரையிலான கணிதத்தைத் தலைகீழ் வகுப்பறை முறையில் கற்பிப்பதை ஆதரிக்கிறோம். ஆனால், காணொளி பார்க்க இடமும் கருவியும் நேரமும் எல்லாப் பிள்ளைகளுக்கும் கிடைக்க வழிசெய்த பிறகே இதைத் தொடங்க வேண்டும். அந்தப் பொறுப்பைப் பெற்றோர் தலையில் கட்டிவிட்டு வரும் எந்தத் திட்டத்தையும் எதிர்ப்போம்.

முறை எளிமையானது. ஆசிரியர் வெண்பலகையில் தரும் விளக்கத்தைப் பிள்ளைகள் முந்தைய நாளே ஒரு சிறு காணொளியில் பார்த்துவிடுவார்கள். வீட்டுப்பாடமாகப் போகும் கணக்குகளை வகுப்பில், ஆசிரியர் அருகில் இருக்கும்போது செய்வார்கள். 2007இல் அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் ஜோனத்தன் பெர்க்மன், ஏரன் சாம்ஸ் என்ற இரண்டு வேதியியல் ஆசிரியர்கள், பள்ளிக்கு வரமுடியாத மாணவர்களுக்காகப் பாடங்களைப் பதிவு செய்யத் தொடங்கினார்கள். இந்த முறை பரவலாக அறியப்பட்டதில் அவர்களுக்குப் பெரும் பங்கு உண்டு.

மற்றப் பாடங்களைவிடக் கணிதத்துக்கு இது பொருந்துவதற்குக் காரணம் இருக்கிறது. எதிர்ம எண்களைப் பிள்ளைகள் முதன்முதலாகப் படிவம் ஒன்றில்தான் சந்திக்கிறார்கள். −3 − (−5) என்ற கணக்கைக் கொடுத்தால் பலர் −8 என்று எழுதிவிடுவார்கள். விடைத்தாளில் சிவப்பு மையால் தவறென்று குறித்தால் பிள்ளைக்கு ஒன்றும் விளங்காது. "எண்கோட்டில் −3இல் நின்றுகொள், 5ஐக் கழித்தால் எந்தப் பக்கம் போவாய்?" என்று பக்கத்தில் நின்று கேட்க வேண்டும். இடப்பக்கம் என்பான். "அப்படியானால் −5ஐக் கழித்தால்?" சற்று யோசித்து வலப்பக்கம் திரும்புவான், 2இல் வந்து நிற்பான். இந்த இரண்டு நிமிட உரையாடல்தான் கணிதக் கல்வி. இப்போதைய நடைமுறையில் ஆசிரியரின் நேரம் விளக்குவதிலேயே கழிந்துவிடுகிறது. பிள்ளை தடுமாறும்போது, இரவு ஒன்பது மணிக்கு, அருகில் கேட்க ஆளில்லை.

எங்கள் வட்டாரத்தில் இந்தக் குறை இன்னும் கூர்மையாகத் தெரிகிறது. ரப்பரும் செம்பனையும் இருந்த தோட்டங்கள் பலவும் வீடமைப்புப் பகுதிகளாகிவிட்டன. தோட்டத்திலிருந்து வந்த குடும்பங்களில் பெற்றோர் பலர் தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை பார்க்கிறார்கள். தமிழ்ப்பள்ளியில் ஆறாண்டுகள் கணிதத்தைத் தமிழில் கற்ற பிள்ளை, படிவம் ஒன்றில் அதே கணிதத்தை மலாயில் படிக்க வேண்டும். இருமொழித் திட்டம் உள்ள பள்ளியில் ஆங்கிலத்தில். பின்னத்தை நன்றாகப் போடத் தெரிந்தவன், கேள்வியில் அதன் மலாய்ச் சொல்லான 'பெச்சாஹான்' வந்ததும் திகைத்து நிற்கிறான். அவனைக் கணிதத்தில் பலவீனம் என்று முத்திரை குத்துவது அநியாயம். நிறுத்தி, திரும்ப ஓட்டிக் கேட்கக்கூடிய இருமொழிக் காணொளி இங்கே பெரிய துணை. முப்பது பேருக்கு மேல் அமர்ந்திருக்கும் வகுப்பில் ஆசிரியரை அப்படி நிறுத்த முடியுமா?

இப்போதைய வழியிலேயே போகலாம் என்பவர்கள் டிம்ஸ் (TIMSS) என்ற அனைத்துலக மதிப்பீட்டைப் பார்க்கட்டும். படிவம் இரண்டு மாணவர்கள் எழுதும் அதில் மலேசியாவின் கணிதப் புள்ளி 1999இல் 519, 2019இல் 461, 2023இல் 411.

காணொளி மட்டும் இந்தச் சரிவை நிறுத்திவிடும் என்று நாங்கள் சொல்லவில்லை. அமெரிக்காவின் வெஸ்ட் பாயிண்ட் ராணுவக் கல்லூரியில் வகுப்புகளைக் குலுக்கல் முறையில் பிரித்து ஓர் ஆய்வு நடத்தினார்கள், 2021இல் வெளியானது. தலைகீழ் வகுப்பறையில் படித்தவர்கள் கணிதத்தில் உடனடி முன்னேற்றம் காட்டினார்கள், ஆனால் அது நீடிக்கவில்லை. ஏற்கெனவே நன்றாகப் படித்தவர்களே கூடுதல் பயன் அடைந்தார்கள். பின்தங்கியவர்களுடனான இடைவெளி விரிந்தது. எல்லா வசதியும் உள்ள கல்லூரியிலேயே இப்படி என்றால், ஒரே கைப்பேசியை மூன்று பிள்ளைகள் பகிரும் வீட்டில் என்ன ஆகும்? 2020இல் கோவிட் பரவலால் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தபோது அதை எல்லாரும் பார்த்தோம். அப்பா வேலை முடிந்து கைப்பேசியோடு வரும்வரை காத்திருந்த பிள்ளைகள், பிரிபெய்ட் டேட்டா தீர்ந்ததும் பாடத்தை விட்டுவிட்டார்கள். கல்வி அமைச்சின் டெலிமா இணையக் கற்றல் தளமும் டிடிக் டிவி கல்வி அலைவரிசையும் வந்தும் அந்தக் குறை தீரவில்லை.

ஆகவே பள்ளிகளிடம் நாங்கள் கேட்பது இதுதான். கணினிக்கூடத்தைப் பள்ளி முடிந்ததும் ஒரு மணி நேரம் திறந்து வையுங்கள். வேனுக்காகக் காத்திருக்கும் பிள்ளைக்கு அந்த நேரமே போதும். காணொளி பத்து நிமிடத்தைத் தாண்ட வேண்டாம். அதன் சாரம் ஒரு பக்கத் தாளிலும் இருக்கட்டும். பார்க்காமல் வந்தவனைத் திட்டி நிற்க வைக்காமல், வகுப்பின் முதல் பத்து நிமிடம் பின்வரிசையில் பார்க்க விடுங்கள். ஆலய மண்டபங்களும் பொது நூலகங்களும் மாலையில் இணைய வசதியோடு இடம் தந்தால் எங்கள் தன்னார்வலர்கள் உடன் இருப்பார்கள். செமினியிலேயே இருக்கும் நாட்டிங்ஹாம் பல்கலைக்கழக வளாகத்து மாணவர்களையும் கைகொடுக்க அழைக்கிறோம்.

ஆசிரியர்களின் சுமையையும் மறக்கக்கூடாது. கோப்பு வேலைகளிலேயே திணறும் ஆசிரியரை இரவில் உட்கார்ந்து காணொளி தயாரிக்கச் சொல்வது நியாயமில்லை. உலு லங்காட் மாவட்டப் பள்ளிகளின் கணிதப் பானித்தியாக்கள் (பாட ஆசிரியர் குழுக்கள்) தலைப்புகளைப் பிரித்துக்கொண்டால், ஒருவர் செய்வது பலருக்குப் பயன்படும். அதற்கான நேரத்தை மாவட்டக் கல்வி அலுவலகம் பணிநேரத்திலேயே ஒதுக்க வேண்டும். காணொளி இருப்பதால் ஆசிரியர் எண்ணிக்கையைக் குறைக்கலாம் என்ற பேச்சு எழுந்தால் அதை எதிர்த்து முதலில் நிற்பவர்கள் நாங்களாக இருப்போம்.

பாடநூல் முழுவதையும் ஒரே ஆண்டில் மாற்ற வேண்டியதில்லை. படிவம் ஒன்றில் நேர்ம, எதிர்ம எண்களில் தொடங்கி, இயற்கணிதக் கோவை, நேரியல் சமன்பாடு வரை முதலில் செய்து பார்க்கலாம். பிள்ளைகள் அதிகம் சறுக்குவது இங்கேதான். படிவம் மூன்றில் எழுதிவந்த பிடி3 தேர்வு 2022இல் நீக்கப்பட்ட பிறகு இப்படி முயன்று பார்க்க ஆசிரியர்களுக்கு முன்பைவிட இடம் இருக்கிறது. ஒவ்வொரு தவணை முடிவிலும் வகுப்பின் சராசரியோடு நின்றுவிடாமல், கணிதத்தில் கடைசி நிலையில் இருந்தவர்களின் மதிப்பெண்ணைத் தனியே எடுத்துப் பெற்றோர் ஆசிரியர் சங்கத்தின் முன் வைக்க வேண்டும். அவர்கள் மேலும் பின்தங்கியிருந்தால், காரணம் தெரியும்வரை திட்டத்தை அடுத்த தலைப்புக்கு நீட்டிக்கக் கூடாது.