என்ஜின் ஆயில்: மாற்றுவது எளிது, கொட்டுவது கேடு



மோட்டார் சைக்கிள் இல்லாத வீடு இக்காலத்தில் அரிதாகிவிட்டது. துறைமுகத்தில் பணி முடித்து நள்ளிரவில் திரும்பும் தொழிலாளியும், விடியுமுன் காசிமேட்டுக்கு விரையும் மீன் வியாபாரியும், பாரிமுனைக் கடைகளில் கணக்கெழுதும் இளைஞரும், வீடுதோறும் உணவுப் பொட்டலம் கொண்டு சேர்க்கும் பிள்ளைகளும் இந்த இருசக்கர வாகனத்தையே நம்பியிருக்கின்றனர். வண்டி நின்றால் அன்றைய வருமானமும் நின்றுவிடுகிறது. அவ்வாறு வண்டி கெடுவதற்குரிய காரணங்களுள் எளிதில் தவிர்க்கக்கூடியது ஒன்றுண்டு. அதுவே, என்ஜின் ஆயிலை உரிய காலத்தில் மாற்றாமல் விடுவது. அதனை வீட்டிலேயே மாற்றும் முறையையும், மாற்றியபின் எஞ்சும் கழிவு எண்ணெயை என்ன செய்வது என்பதையும் இம்மாதம் காண்போம்.

எண்ணெயோடு வாழும் ஊர்

இராமநாதபுரம் சீமையின் தொண்டிக்கு அருகிலுள்ள குணங்குடியில் பிறந்து, வடசென்னையில் வந்து தங்கி, 1838ஆம் ஆண்டில் மறைந்தவர் ஞானி குணங்குடி மஸ்தான் சாகிபு அவர்கள். மக்கள் அவரைத் ‘தொண்டியார்’ என்றழைத்தனர் என்றும், அப்பெயராலேயே இவ்வூர் தண்டையார்பேட்டை ஆயிற்று என்றும் வழிவழியாகக் கூறுவர். அவர் தனிமை நாடி வந்த அந்த இடம் பிற்காலத்தில் ஆலைகளும் எண்ணெய்க் கிடங்குகளும் சூழ்ந்த பேட்டையாக மாறிற்று.

1955ஆம் ஆண்டில், இங்கிலாந்தின் என்பீல்டு நிறுவனத்தோடு மெட்ராஸ் மோட்டார்ஸ் கைகோத்து ‘என்பீல்டு இந்தியா’ உருவாயிற்று. அருகிலுள்ள திருவொற்றியூரில் அதன் தொழிற்சாலை எழுந்தது. நாடெங்கும் ஓடிய புல்லட் வண்டியின் பிறப்பிடம் அதுவே. மணலியில் மெட்ராஸ் சுத்திகரிப்பு ஆலை 1969இல் இயங்கத் தொடங்கியது. இன்று சென்னை பெட்ரோலியம் கார்ப்பரேஷன் என வழங்கும் அந்த ஆலை, பெட்ரோல், டீசலோடு மசகு எண்ணெய்க்கான மூல எண்ணெயையும் உற்பத்தி செய்து வந்துள்ளது. ஆக, வண்டியும் அதன் எண்ணெயும் நம் வீட்டு வாசலுக்கு அருகிலேயே உருவானவை. அவற்றின் நன்மையைப் போலவே தீமையையும் இப்பகுதி மக்கள் கண்டிருக்கின்றனர். அதனைப் பின்னர் கூறுவோம்.

ஆயில் செய்யும் பணி

என்ஜினுக்குள் பிஸ்டன் நிமிடத்திற்குப் பல்லாயிரம் முறை மேலும் கீழும் ஓடுகிறது. உலோகமும் உலோகமும் நேரே உரசாதபடி இடையே மெல்லிய படலமாக நிற்பது ஆயில். உராய்வைக் குறைப்பதோடு, சூட்டை வாங்கி வெளியேற்றுவதும், கரியையும் உலோகத்துகளையும் தன்னுள் ஏந்திக்கொள்வதும், துருப்பிடிக்காமல் காப்பதும் அதன் வேலையே. ஆயில் சீக்கிரம் கறுத்துவிட்டதே எனச் சிலர் கவலையுறுவர். கரியைத் தன்னுள் வாங்கிக்கொண்டமையால்தான் அது கறுக்கிறது. ஆயினும் தாங்கும் அளவுக்கு ஓர் எல்லை உண்டு. அதில் கலந்த மருந்துப் பொருட்கள் தீர்ந்து, பிசுபிசுப்பும் குன்றியபின் அது காக்கும் ஆற்றலை இழந்துவிடுகிறது.

எத்தனை கிலோமீட்டருக்கு ஒருமுறை மாற்றுவது? வண்டியோடு வந்த கையேடே இதற்குரிய நீதிபதி. எனினும், எண்ணூர் நெடுஞ்சாலையில் கண்டெய்னர் லாரிகளின் பின்னே புழுதியிலும் வெயிலிலும் ஊர்ந்து, நின்று நின்று செல்லும் வண்டிக்குக் கையேடு கூறும் எல்லைக்கு முன்னரே மாற்றுவது நலம். குறைவாக ஓடும் வண்டியானாலும் ஆண்டுக்கு ஒருமுறையேனும் மாற்ற வேண்டும்.

எந்த ஆயில்?

டப்பாவின் மேல் 10டபிள்யூ-30, 20டபிள்யூ-40 என்றெல்லாம் அச்சிட்டிருப்பதைக் காணலாம். முதல் எண், குளிர்ந்த நிலையில் ஆயில் எவ்வளவு எளிதாக ஓடும் என்பதையும், இரண்டாம் எண், சூடேறிய நிலையில் எவ்வளவு கெட்டியாக நிற்கும் என்பதையும் குறிக்கும். கெட்டியான ஆயில்தான் நல்ல ஆயில் என்று எண்ணிவிடலாகாது. வண்டிக்குக் குறித்த எண்ணே ஏற்றது.

மற்றொன்றையும் கவனிக்க வேண்டும். பெரும்பாலான மோட்டார் சைக்கிள்களில் என்ஜின், கியர், கிளட்ச் மூன்றும் ஒரே ஆயிலில் முழுகியுள்ளன. காருக்குரிய சில ஆயில்களில் வழுவழுப்பை மிகுவிக்கும் பொருட்கள் இருப்பதால், அவற்றை ஊற்றினால் கிளட்ச் நழுவும். ஆகவே ‘ஜாஸோ எம்.ஏ.’ அல்லது ‘எம்.ஏ.2’ முத்திரையுள்ளதை வாங்குக. ‘எம்.பி.’ முத்திரை, கிளட்ச் ஆயிலில் முழுகாத கியரில்லா ஸ்கூட்டர்களுக்குரியது. பழைய புல்லட் வண்டிகளில் என்ஜின், கியர்பாக்ஸ், கிளட்ச் ஆகியவற்றுக்குத் தனித்தனியே ஆயில் ஊற்ற வேண்டும். 2009இல் வெளிவந்த கிளாசிக் 350 போன்ற பிற்கால வண்டிகளில் மூன்றுக்கும் ஒரே ஆயில் போதுமானது.

மாற்றும் முறை

தேவையான பொருட்கள்: சரியான அளவு ஸ்பானர், அகன்ற தட்டு, புனல், அளவுக் குவளை, நூல் உதிராத துணி, கையுறை, புதிய ஆயில், புதிய ஃபில்டர், புதிய வாஷர்.

முதலில் வண்டியை மூன்று நான்கு நிமிடங்கள் ஓடவிட்டு நிறுத்துக. இளஞ்சூடான ஆயில் இளகி, அழுக்கையும் இழுத்துக்கொண்டு வெளியேறும். நீண்ட தூரம் ஓட்டி வந்த உடனே செய்யற்க. கொதிக்கும் ஆயிலும் சைலன்சரும் கையைச் சுட்டுவிடும். சமதரையில் சென்டர் ஸ்டாண்டு போட்டு வண்டியை நிறுத்துக. சிறு பிள்ளைகளை அண்டவிடாதீர்.

ஆயில் ஊற்றும் மூடியை முதலில் திறந்துவிடுங்கள். பின்னர் தட்டை அடியில் வைத்து, என்ஜினின் அடிப்பாகத்திலுள்ள வடிகால் போல்டைக் கழற்றுக. இங்கே கட்டிங் பிளேயர் உதவாது. போல்டின் முனைகள் மழுங்கிவிடும். பத்துப் பதினைந்து நிமிடங்கள் நன்றாக வடியட்டும். அவசரப்பட்டால் பழையதன் ஒரு பகுதி உள்ளேயே தங்கிப் புதியதையும் கெடுக்கும்.

அடுத்து ஃபில்டர். காகித ஃபில்டர் உள்ள வண்டிகளில் ஒரு சிறு மூடியைக் கழற்றினால் அது வெளிவரும். அதற்குப் பின்னால் ஸ்பிரிங் உண்டா, எந்தப் பக்கம் உட்புறம் நோக்கியிருந்தது, ரப்பர் வளையம் எங்கே அமர்ந்திருந்தது என்பவற்றை எடுக்கும்போதே பார்த்து வைத்துக்கொள்க. ஃபில்டரைத் தலைகீழாகப் பொருத்தினால் ஆயில் செல்லும் வழி அடைபடக்கூடும். காகித ஃபில்டரைக் கழுவி மீண்டும் போடுவது வீண் சிக்கனம். ரப்பர் வளையத்தையும் புதிதாக மாற்றி, துளி ஆயில் தடவிப் பொருத்துக. சிறிய வண்டிகள் பலவற்றில் காகித ஃபில்டரே இராது. கம்பிவலைச் சல்லடையும், அழுக்கைச் சுழற்றி ஒதுக்கும் கிண்ணமும் இருக்கும். அவற்றைத் துப்புரவு செய்யப் பக்கத்து மூடி முழுவதையும் கழற்ற வேண்டியிருப்பதால், அவ்வேலையை மெக்கானிக்கிடம் விடுவதே தகும்.

வடிகால் போல்டுக்குப் புதிய வாஷர் இட்டு, முதலில் கையாலேயே திருகுக. சில சுற்றுகள் தடையின்றி ஏறினால்தான் மரை நேராக அமர்ந்துள்ளது என்று பொருள். பின்னரே ஸ்பானரால் அளவோடு இறுக்குக. என்ஜினின் உடல் அலுமினியத்தாலானது. பலத்தைக் காட்டினால் மரை தேய்ந்துபோகும். ஆயில் மாற்றுவதில் மிச்சப்படுத்திய பணத்தைப்போல் பன்மடங்கு செலவாகும்.

கையேட்டில் கண்ட அளவினும் சற்றுக் குறைவாக ஆயிலை ஊற்றி, மூடியிட்டு, இரண்டு மூன்று நிமிடங்கள் என்ஜினை ஓடவிடுங்கள். நிறுத்திச் சில நிமிடங்கள் கழித்து அளவு பார்க்க. அளவுக்குச்சி உள்ள வண்டிகள் பலவற்றில், குச்சியைத் துடைத்துத் திருகாமல் உள்ளே வைத்தெடுத்துப் பார்க்க வேண்டும். கண்ணாடித் துளை உள்ளவற்றில் வண்டியை நிமிர்த்தி நிறுத்திப் பார்க்க வேண்டும். இரு கோடுகளுக்கிடையே ஆயில் நிற்பது முறை. மிகுதியும் கேடே, குறைவு பெருங்கேடு. இறுதியாக அடிப்பாகத்தில் கசிவு உண்டா என நோக்கி, தேதியையும் ஓடிய கிலோமீட்டரையும் ஒரு நோட்டில் குறித்து வையுங்கள். குச்சியில் அளவு பார்ப்பது இல்லத்தரசிகளும் வளர்ந்த பிள்ளைகளும் ஒரே நாளில் கற்றுக்கொள்ளத்தக்க வேலை.

பழைய ஆயில் கூறும் செய்தி

வடிந்த ஆயிலை உற்று நோக்குங்கள். அதில் மினுமினுக்கும் உலோகத் துணுக்குகள் மிகுந்திருந்தால் உள்ளே ஏதோ தேய்கிறது. பெட்ரோல் நாற்றம் மிகுந்தால் எரிபொருள் ஆயிலில் இறங்குகிறது. பால் கலந்த காப்பி போல் தோன்றினால் தண்ணீர் புகுந்துள்ளது.

இந்தக் கடைசிச் செய்தி வடசென்னை மக்களுக்கு மிக வேண்டியது. 2015ஆம் ஆண்டு வெள்ளத்திலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலிலும் எண்ணற்ற வண்டிகள் நீரில் மூழ்கின. மூழ்கிய வண்டியை ஓடுகிறதா என்று உதைத்துப் பார்ப்பது பெருந்தவறு. சிலிண்டருக்குள் நீர் இருந்தால் அது பிஸ்டனுக்கு வழிவிடாது. கனெக்டிங் ராடு வளைந்துவிடக்கூடும். ஸ்டார்ட் செய்யாமலேயே மெக்கானிக்கிடம் தள்ளிச் சென்று, ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றச் செய்க. சிறிது தூரம் ஓட்டியபின் மீண்டும் ஒருமுறை மாற்றினால்தான் எஞ்சிய ஈரமும் நீங்கும்.

கழிவு எண்ணெயை என்ன செய்வது?

வேலை முடிந்தது. தட்டில் ஏறத்தாழ ஒரு லிட்டர் கறுத்த எண்ணெய் நிற்கிறது. தெரு ஓரத்து மழைநீர் வடிகாலோ கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. வீட்டில் ஆயில் மாற்றுவோரின் உண்மையான சோதனை இவ்விடத்தில்தான் தொடங்குகிறது.

கழிவு எண்ணெயை வெறும் அழுக்கு என எண்ணாதீர். எரிதலின்போது தோன்றும் நச்சு ஹைட்ரோகார்பன்களும், தேய்ந்த உலோகங்களும் அதில் உள்ளன. ஒருமுறை மாற்றியதில் கிடைக்கும் எண்ணெய், பத்து லட்சம் மடங்கு நன்னீரைக் கெடுக்க வல்லது என்று அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு நிறுவனம் எச்சரிக்கிறது. ஒரு லிட்டருக்குப் பத்து லட்சம் லிட்டர் என்றால், ஒரு தெருவின் தண்ணீர்த் தேவையை எண்ணிப் பாருங்கள்.

எண்ணெய் நீரில் கலந்தால் என்னாகும் என்பதை இப்பகுதிக்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. 2013இல் தண்டையார்பேட்டையில், துறைமுகத்திலிருந்து எரிபொருள் கொண்டுவரும் நிலத்தடிக் குழாய் கசிந்து, வீட்டு ஆழ்துளைக் கிணறுகளில் எண்ணெய் வந்தது. 2017 ஜனவரி 28ஆம் நாள் எண்ணூர் காமராசர் துறைமுகத்தருகே இரு கப்பல்கள் மோதியதில் கொட்டிய எண்ணெயை, இளைஞர்கள் வாளி கொண்டு அள்ளினர். 2023 டிசம்பர் வெள்ளத்தில், மணலி ஆலைப் பகுதியிலிருந்து வெளியேறிய எண்ணெய் பக்கிங்ஹாம் கால்வாய் வழியே எண்ணூர் முகத்துவாரத்தை அடைந்து, மீனவர்களின் படகையும் வலையையும் பிழைப்பையும் கறைபடுத்தியது.

அவை பெரியோர் செய்த பெருங்கேடுகள். அவற்றுக்கு நீதி கேட்பது நம் உரிமை. ஆனால் நம் தெரு வடிகாலில் ஊற்றும் ஒரு லிட்டரும் மழையோடு அதே கால்வாயையும் கடலையும் நாடியே செல்கிறது. குப்பையோடு கட்டிப் போட்டாலோ, கொடுங்கையூர்க் குப்பைமேட்டில் இறங்கி அங்குள்ள மக்களின் நிலத்தடி நீரைத் தொடும். தனக்கு நேர்ந்த தீங்கைக் கண்டு கொதிப்பவர், அதே தீங்கைச் சிறு அளவில் அண்டை வீட்டாருக்குச் செய்தல் தகுமா? அண்டை வீட்டாரின் உரிமையை இத்துணை வலியுறுத்தும் மார்க்கத்தினர் நாம் அல்லவா?

செய்ய வேண்டியது எளிது. வடிந்த எண்ணெயைப் புதிய ஆயில் வந்த அதே டப்பாவில் புனலால் ஊற்றி, ‘கழிவு எண்ணெய்’ என எழுதி இறுக மூடுங்கள். குடிநீர்ப் பாட்டிலிலோ சமையல் எண்ணெய்க் கேனிலோ ஒருபோதும் வைக்காதீர். அறியாமல் எடுப்பவர் உயிருக்கே ஆபத்து. ஃபில்டரை ஓரிரவு கவிழ்த்து வடியவிட்டு உடன் சேருங்கள். பெரும்பாலான ஒர்க்‌ஷாப்புகளில் பழைய ஆயிலுக்கெனப் பீப்பாய் வைத்திருப்பர். அங்கே கேட்டு அதில் ஊற்றுங்கள். இயன்றவரை, அனுமதி பெற்ற மறுசுத்திகரிப்பு நிறுவனத்துக்கு விற்கும் கடையாகத் தேர்ந்தெடுங்கள். இந்தியாவில் 2016ஆம் ஆண்டு விதிகள் கழிவு எண்ணெயை அபாயக் கழிவாக வகைப்படுத்தியுள்ளன. 2024 ஏப்ரல் முதல், எண்ணெய் உற்பத்தியாளர்களே கழிவு எண்ணெயின் மறுசுழற்சிக்கும் பொறுப்பேற்க வேண்டும் என்ற விதியும் நடைமுறைக்கு வந்துள்ளது. ஊற்றிக் காலியான டப்பாவைக் கத்தியால் கிழித்தபின் எறியுங்கள். போலி ஆயில் நிரப்பி விற்போர் கையில் அது முழுதாகச் சிக்கலாகாது. தரையில் சிந்தியதன்மேல் மணலோ மரத்தூளோ தூவிக் கூட்டி அள்ளுங்கள். கையைப் பெட்ரோலால் கழுவாமல் சோப்பிட்டுக் கழுவுங்கள்.

இவ்வளவு சிரமமா என எண்ணுவோர், பழகிய மெக்கானிக்கிடமே வண்டியை விடலாம். அதில் இழுக்கு ஒன்றுமில்லை. ஆனால் அங்கும் அருகில் நின்று, பழைய ஆயில் எங்கே செல்கிறது என்று ஒரு வார்த்தை கேளுங்கள். வாடிக்கையாளர் பத்துப்பேர் கேட்டால் பீப்பாய் இல்லாத கடையிலும் பீப்பாய் வந்துவிடும், இன்ஷா அல்லாஹ்.