உப்பைக் கரைச்சா கடலாகிடுமா?

இன்னைக்கு எழுதறதுக்குக் காரணம் கோபம்தான். முன்னாடியே சொல்லிடறேன். அப்புறம் "ஏன்யா இவ்ளோ சூடு"ன்னு பின்னூட்டம் போடாதீங்க.

எங்க தெருவுல ஒரு பையனுக்குப் பிறந்தநாள். அவங்க மாமா கடல் மீன் தொட்டி வாங்கிக் கொடுத்தாரு. ரெண்டடி நீளம், ஒரு அடி அகலம், ஒரு அடி உயரம். கூடவே ஒரு பை உப்பு, ஒரு ஜோடி 'நீமோ'. எல்லாம் ஒரே நாள்ல. பத்தாம் நாள் ரெண்டும் மிதந்துச்சு. கடைக்காரர் சொன்ன பதில்: "உங்க ஊர் தண்ணி சரியில்ல சார். வேற ஜோடி எடுத்துக்குங்க."

ராணிப்பேட்டைக்காரன் கிட்ட தண்ணி சரியில்லன்னு சொன்னா எதிர்த்துப் பேச மாட்டான்னு அந்த ஆளுக்குத் தெரிஞ்சிருக்கு! ஆனா மினரல் வாட்டரே ஊத்தியிருந்தாலும் அந்த மீன் பொழைச்சிருக்காது.

மீன் விடற கழிவுல அமோனியா வரும். அது மீனுக்கு விஷம். அதை நைட்ரைட்டா மாத்த ஒரு பாக்டீரியா, நைட்ரைட்டை நைட்ரேட்டா மாத்த இன்னொண்ணு. இந்த ரெண்டு கூட்டமும் கல்லுலயும் மணல்லயும் குடியேற நாலுலேர்ந்து ஆறு வாரம் ஆகும். அதுவரைக்கும் தொட்டியில மீன் இருக்கக் கூடாது. இது கடைக்காரருக்குத் தெரியாதா? நல்லாத் தெரியும். ஆனா "ஆறு வாரம் கழிச்சு வாங்க சார்"னு சொன்னா யாவாரம் ஆகுமா? நாம வேற தொட்டியோட மீனையும் வாங்காம வீட்டுக்கு வர மாட்டோமே.

"சின்னத் தொட்டியா ஆரம்பிங்க, ஈஸி"ங்கறது அடுத்த பொய். கொஞ்சம் தண்ணின்னா கொஞ்சம் தப்புக்கே எல்லாம் கெட்டுடும். நம்ம ஊர் மே மாசத்துல வெயில் 40 டிகிரியைத் தாண்டும், இந்த மீனுங்க கேக்கறது 25, 26. மின்விசிறியை தண்ணி மேல திருப்பி வெச்சா சூடு குறையும், ஆனா தண்ணி ஆவியாகும். உப்பு ஆவியாகாது. அதனால தினமும் குறைஞ்ச அளவுக்கு நல்ல தண்ணிதான் ஊத்தணும், உப்புத் தண்ணி இல்ல. இதை எத்தனை கடையில சொல்றாங்க?

நானும் யோக்கியன் இல்ல. பல வருஷம் முன்னாடி என் நண்பன் ஒருத்தன், "மாப்ள, நம்ம ஊர் போர்லயே உப்பு இருக்குதுடா, பாதி காசு மிச்சம்"னான். போர் தண்ணியில கல்லுப்பைப் போட்டுக் கலக்கினேன். அந்த மீனுங்க ரெண்டு நாள் கூடத் தாங்கல :-( கடல் தண்ணியில லிட்டருக்கு 35 கிராம் உப்பு. அதுல சோடியமும் குளோரைடும் 85 சதவீதம்தான். மிச்சம் மெக்னீசியம், சல்பேட், கால்சியம், பொட்டாசியம். கல்லுப்பு மட்டும் கரைச்சா அது கடல் இல்ல, ஊறுகாய் ஜாடி. அதுவும் நம்ம போர் தண்ணி, தோல் ஷாப்புல ஊறவெச்ச தண்ணியும் குரோமியமும் இறங்கின நிலத்துலேர்ந்து வர்றது. ஆர்.ஓ. தண்ணியில, கடல் தொட்டிக்குன்னே விக்கற உப்பைக் கரைக்கறதுதான் வழி.

சரி, செத்துப் போன அந்த நீமோ எங்கிருந்து வந்துச்சு? இதைத்தான் யாரும் கேக்கறதில்ல. 2003-ல அந்தப் படம் வந்ததுலேர்ந்து எல்லாருக்கும் அந்த ஆரஞ்சு மீன் வேணும். படமே, கடல்லேர்ந்து ஒரு குட்டியைப் பிடிச்சுத் தொட்டியில போட்டுட்டாங்கன்னு அப்பன் தேடி அலையற கதை! வேடிக்கை என்னன்னா, இந்த மீன் தொட்டியிலயே முட்டை போட்டுப் பெருகும். ஆண் மீன் காவல் காக்கும், ஒரு வாரம் போல ஆனா பொரிச்சிடும். மண்டபத்துல மத்திய கடல் மீன் ஆராய்ச்சி நிலையமே இதைக் குஞ்சு பொரிச்சு வளர்த்துக் காட்டியிருக்கு. அப்புறமும் கடல்லேர்ந்து பிடிச்சதை எதுக்கு வாங்கணும்?

பவளம், 'லைவ் ராக்'னு கேட்டு வாங்கறவங்களுக்கு ஒரு தகவல். பாறை கட்டற பவளம், கடல் குதிரை எல்லாம் 2001-லேர்ந்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தோட முதல் அட்டவணையில இருக்கு. புலி இருக்கற அதே அட்டவணை. மன்னார் வளைகுடாவுல 21 தீவுன்னு சொல்லி 1986-ல தேசியப் பூங்கா அறிவிச்சாங்க. பவளத்தை வெட்டி வெட்டி அதுல ரெண்டு தீவு தண்ணிக்குள்ள போயிடுச்சு. வெட்டினது சுண்ணாம்புக்கு, தொட்டிக்கு இல்லதான். அதுக்காக மிச்சத்தை வரவேற்பறைக்குக் கொண்டு வரணுமா? காய்ஞ்ச கல்லே போதும், பாக்டீரியா அதுலயும் ஒட்டும்.

"அப்ப மீனே வளர்க்கக் கூடாதுங்கறியா?"ன்னு சண்டைக்கு வருவீங்க. இல்லங்க. வளர்ப்பு மீன் ஒரே ஜோடி, காய்ஞ்ச கல்லு, ஆறு வாரம் வெறும் தொட்டி. இதுக்குத் தயாரா இருந்தா தாராளமா வைங்க.

ஆனா என் தொட்டி பத்தி ஒரு கணக்கு போட்டேன், அதுலேர்ந்து தூக்கம் சரியில்ல. இதுவும் அதே ரெண்டடி அளவுதான், சுமார் 55 லிட்டர். வாரம் அஞ்சரை லிட்டர் மாத்தினா வருஷத்துக்குப் பத்து கிலோ உப்பு சாக்கடையில போகும். அப்பா தோல் ஷாப்புல வேலை பார்த்தவரு. பச்சைத் தோல் கெட்டுப் போகாம இருக்க அதோட எடையில நூத்துக்கு நாப்பது பங்கு உப்பு தடவணும்பாரு. 25 கிலோ மாட்டுத் தோலுக்குப் பத்து கிலோ. ஊறவைக்கறப்ப அது அத்தனையும் தண்ணியில போகும். இந்தத் தோல் பட்டையில 35,000 ஹெக்டேர் நிலம் வீணாப் போனதைச் சொல்லித்தான் 1996-ல சுப்ரீம் கோர்ட் தீர்ப்பு கொடுத்துச்சு. பாலாத்தைக் கெடுத்தாங்கன்னு ஊர்ல எல்லாரையும் திட்டின வாய் இது. இப்ப வருஷத்துக்கு ஒரு மாட்டுத் தோல் என் கணக்குல.

மாத்தின தண்ணியை மொட்டை மாடியில பழைய தட்டுல ஊத்திக் காய வெச்சுப் பார்க்கறேன். நம்ம வெயில் அதுக்காவது உதவட்டும். உப்பு தட்டுல நிக்குது. அதை எங்க கொட்டறதுன்னு இன்னும் முடிவாகல. வீட்டுல எல்லாரும் சிரிக்கறாங்க.

டிஸ்கி: என் தொட்டியில இன்னைக்கு 23-வது நாள். மீன் இல்ல. பக்கத்து வீட்டுப் பையன் தினமும் வந்து வெறும் தண்ணியைப் பார்த்துட்டு, "இன்னும் எத்தனை நாள் அங்கிள்?"னு கேட்டுட்டுப் போறான். கொளத்தூர் பக்கம், குஞ்சு பொரிச்ச மீன்தான்னு உறுதியாச் சொல்லி விக்கற கடை தெரிஞ்சவங்க பின்னூட்டத்துல சொல்லுங்கப்பா.