உண்மை பேசினால் ரூ.2,700

லண்டன் ஈஸ்ட் ஹாமிலிருந்து காலேஜ் சிநேகிதன் போன் பண்ணினான். குரலில் எழவு வீட்டுச் சோகம்.

"மச்சி, மூணு பாயின்ட் வாங்கிட்டேன்டா!"

"கங்கிராஜுலேஷன்ஸ்!" என்றேன். காஸ்ட் அக்கவுன்டிங் பேப்பரில் இவன் மூன்று மார்க் வாங்கினாலே டீ வாங்கிக் கொடுத்த காலம் ஒன்று உண்டு.

"டேய், டிரைவிங் லைசென்ஸ்லடா!" என்று அலறினான்.

விஷயம் இதுதான். பிரிட்டனில் வேகமாக ஓட்டி மாட்டினால் குறைந்தபட்சம் மூன்று பாயின்ட். மூன்று வருஷத்துக்குள் பன்னிரண்டு சேர்ந்தால் லைசென்ஸ் போச்சு. லைசென்ஸ் வாங்கி இரண்டு வருஷம் ஆகாத கத்துக்குட்டிக்கு ஆறிலேயே பெவிலியன். சிங்கப்பூரிலும் இதே வைபவம்தான். இரண்டு வருஷத்துக்குள் 24 பாயின்ட் சேர்ந்தால் கொஞ்ச நாளைக்குப் பஸ்ஸில் போகலாம்.

என் சிநேகிதனின் துக்கம் பாயின்ட் வாங்கியது அல்ல. அதை இன்ஷூரன்ஸ் கம்பெனியிடம் தானே வாயால் சொல்ல வேண்டும் என்பதுதான். அங்கே 2012-ல் இதற்கென்றே ஒரு சட்டம் போட்டிருக்கிறார்கள். கம்பெனி கேட்கிற கேள்விக்கு அக்கறையோடு உண்மையான பதில் சொல்லியாக வேண்டும். பெரும்பாலான கம்பெனிகள் ஐந்து வருஷத்துப் பூர்வ ஜென்மக் கதையைக் கேட்கும். சொன்னால் பிரீமியம் ஏறும். சொல்லாமல் மறைத்தால், பிற்பாடு ஆக்ஸிடென்ட் ஆகும்போது 'டாட்டா' காட்டிவிடுவார்கள்.

"நீ கொடுத்து வெச்சவன்டா. ஓசூர்ல பாயின்ட்டாவது ஒண்ணாவது..." என்று பெருமூச்சு விட்டு வைத்தான்.

நான் கொடுத்து வைத்தவனா? பார்ப்போம்.

*

ஓசூர்க்காரர்களுக்கு சீட் பெல்ட் என்பது ஒரு பாஸ்போர்ட். ஜூஜூவாடி வரை அது பாட்டுக்குத் தொங்கும். அத்திப்பள்ளி கண்ணுக்குத் தெரிந்ததும் 'க்ளிக்' என்று ஒரு சத்தம். சாயந்திரம் திரும்பும்போது எல்லை தாண்டியதும் மறுபடி 'க்ளிக்'. பெல்ட் போடாவிட்டால் இரண்டு மாநிலத்திலும் ஃபைன் உண்டு. ஆனால் பெங்களூர் கேமராவுக்குத் தூக்கம் வராது என்பது நம் ஆட்களின் நம்பிக்கை.

அந்தக் கேமரா என்னையும் ஒரு தடவை பிடித்தது. எலக்ட்ரானிக் சிட்டி மேம்பாலத்தில் வேகமாகப் போனேனாம். ஆயிரம் ரூபாய். பெங்களூர் டிராஃபிக்கில் வேகமாகப் போனதற்கு ஃபைன் என்று சொன்னால் வீட்டில் யார் நம்புவார்கள்? 'எங்கே போய் ஆயிரம் ரூபாய் செலவழிச்சீங்க' என்ற பார்வைதான் கிடைத்தது.

2023 ஜனவரியில், நல்ல குடிமகனாக, முழுத் தொகையையும் கட்டினேன். பிப்ரவரியில் கர்நாடக அரசாங்கம் பழைய பாக்கிக்கெல்லாம் பாதி தள்ளுபடி என்று அறிவித்தது! கட்டாமல் ஏமாற்றினவனுக்கு ஐந்நூறு, கட்டின எனக்கு ஆயிரம். 2025 ஆகஸ்டிலும் இதே தள்ளுபடி வந்தது. யோக்கியனாக இருப்பதற்கு இந்த நாட்டில் சீசன் பார்க்க வேண்டும் ஸார்.

சரி, பிரிட்டன் மாதிரி பாயின்ட் புத்தகம்தான் நமக்குப் பழக்கமில்லை. அதனால் தப்பித்தோம் என்று அர்த்தமா? இல்லை. இங்கே நேரே லைசென்ஸில் கை வைப்பார்கள். சுப்ரீம் கோர்ட் அமைத்த சாலைப் பாதுகாப்புக் கமிட்டி 2015-லேயே சொல்லிவிட்டது: ரெட் சிக்னல் தாண்டினால், அதிவேகத்தில் போனால், ஓட்டிக்கொண்டே செல்போன் பேசினால், குடித்துவிட்டு ஓட்டினால் குறைந்தது மூன்று மாதம் லைசென்ஸ் சஸ்பெண்ட். 2019-ல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டத்தில் ஹெல்மெட் போடாததற்கே ஆயிரம் ரூபாயோடு மூன்று மாதத் தடையும் இருக்கிறது.

சஸ்பெண்ட் ஆன லைசென்ஸோடு ஓட்டி எங்கேயாவது இடித்தால்தான் வேடிக்கை. உங்கள் வண்டி டேமேஜுக்குக் கம்பெனி கையை விரிக்கும். அடிபட்ட மூன்றாம் மனிதருக்கு? 2004-ல் ஸ்வரண் சிங் வழக்கில் சுப்ரீம் கோர்ட் தெளிவாக வழி சொல்லியிருக்கிறது. அடிபட்டவரை அலைய விடக்கூடாது. கம்பெனி முதலில் பணத்தைக் கொடுக்கட்டும். ஓட்டுகிறவனுக்கு ஒழுங்கான லைசென்ஸ் இல்லை என்று தெரிந்தே ஓனர் வண்டியைக் கொடுத்திருந்தால், அந்தப் பணத்தை அவரிடம் வசூல் பண்ணிக்கொள்ளலாம். ஆகவே 'மாமா, ஒரே ஒரு ரவுண்டு' என்று மச்சினன் சாவி கேட்டால், முதலில் லைசென்ஸைக் காட்டச் சொல்லுங்கள்.

ஃபைனுக்கும் பிரீமியத்துக்கும் முடிச்சுப் போடவும் நம்மூரில் யோசித்தார்கள். இன்ஷூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையம் 2019-ல் ஒரு குழு போட்டது. 2021 ஜனவரியில் அறிக்கை வந்தது. குடித்துவிட்டு ஓட்டினால் 100 பாயின்ட், தப்பான இடத்தில் நிறுத்தினால் 10 பாயின்ட், அதற்கேற்ப தனி பிரீமியம், முதலில் டெல்லிப் பக்கம் பரீட்சார்த்தமாக என்றெல்லாம் யோசனை சொன்னார்கள். இதில் ஒரு விசேஷம், பணம் கட்ட வேண்டியவர் ஓட்டினவர் அல்ல, ஆர்.சி. புக்கில் பேர் இருக்கிறவர். சாவி கொடுத்த பாவம் சகலமும் சாவிக்காரருக்கே! அது யோசனையாகவே நின்றதில் மச்சினன் உள்ளவர்கள் எல்லோருக்கும் நிம்மதி.

*

ஆனால் நம்மூர் இன்ஷூரன்ஸ் ஃபாரமும் ஒரு கேள்வி கேட்கிறது. ஒரே ஒரு கேள்வி.

"சென்ற வருடம் க்ளெய்ம் எதுவும் வாங்கினீர்களா?"

போன மாதம் ரின்யூவலுக்காக பாகலூர் ரோட்டில் ஏஜென்ட் தம்பியின் முன்னால் உட்கார்ந்திருந்தேன். தம்பி ஃபாரத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், குரலைத் தாழ்த்தினார்.

"ஸார், கம்பெனியை மாத்திடலாம். இந்தக் கேள்விக்கு 'இல்லை'ன்னு போட்ருவோம். 45 பர்சென்ட் மிச்சம்."

நான் க்ளெய்ம் வாங்கியிருந்தேன். சூளகிரி தாண்டி ஒரு லாரியின் பின்புறத்தை என் பம்பர் முத்தமிட்ட வகையில்.

இந்த 45 பர்சென்ட்தான் 'நோ க்ளெய்ம் போனஸ்'. ஒரு வருஷம் க்ளெய்ம் வாங்காமல் இருந்தால் 20 சதவிகிதம் தள்ளுபடி. அடுத்தடுத்த வருஷம் 25, 35, 45, 50. அதற்கு மேல் கிடையாது. இந்தத் தள்ளுபடி நம் வண்டி டேமேஜுக்கான பிரீமியத்தில் மட்டும். தேர்ட் பார்ட்டிக்கு இல்லை. போனஸ் வண்டிக்குச் சொந்தமல்ல, உங்களுக்குச் சொந்தம். காரை விற்றாலும் போனஸை அடுத்த காருக்கு எடுத்துப் போகலாம். ஆனால் பாலிசி முடிந்து 90 நாள் தூங்கினால் போனஸும் தூங்கிவிடும். ஒரு க்ளெய்ம் வாங்கினாலோ, பரமபதப் பாம்பு... நேரே பூஜ்யம்!

என் கணக்கில் 6,000 ரூபாய்க்கு 45 சதவிகிதம், 2,700. ஜி.எஸ்.டி. தனி. ஒரு சின்ன 'இல்லை'க்கு 2,700 ரூபாய். மனசு ஆடத்தான் செய்தது. பி.காமில் இன்ஷூரன்ஸுக்கு அடிப்படை 'பரிபூரண நம்பிக்கை' என்று படித்து, எழுதி, பாஸ் பண்ணினவன்தான் நான். பரீட்சை ஹாலில் உண்மை பேச அப்போது எனக்கு 2,700 ரூபாய் செலவாகவில்லையே!

பேனாவை எடுத்தபோது பக்கத்து போர்ஷன் அண்ணன் ஞாபகத்துக்கு வந்தார்.

சிப்காட்டில் ஷிஃப்ட் வேலை. தங்கமான மனுஷன். இரண்டு வருஷத்துக்கு முன் இதே மாதிரி ஒரு 'இல்லை' போட்டார். ஆறாவது மாதம் மேலுமலை இறக்கத்தில் லாரி ஒன்று அவர் காரை டின்னாக நசுக்கியது. ஆண்டவன் புண்ணியத்தில் அவருக்குத் தோள்பட்டையில் பிளேட்டோடு போயிற்று. கார் ரிப்பேர் மூன்று லட்சம். கம்பெனியிலிருந்து கடிதம் வந்தது: 'போனஸ் பற்றித் தாங்கள் அளித்த உறுதிமொழி தவறு.' அவ்வளவுதான். ஃபாரத்தில் நாம் கையெழுத்துப் போடும் வாசகமே அதுதான். தப்பாகச் சொன்னால் நம் வண்டி டேமேஜுக்கான பலன் எல்லாம் ரத்து. படிக்கிறவர் யார்?

எப்படிக் கண்டுபிடித்தார்கள் என்கிறீர்களா? புதுக் கம்பெனி பழைய கம்பெனிக்கு எழுதிக் கேட்டால் முடிந்தது. தவிர, எல்லாக் கம்பெனிகளின் பாலிசி, க்ளெய்ம் ஜாதகத்தையும் சேர்த்துவைக்க ஐதராபாத்தில் ஒரு பீரோவே இருக்கிறது.

அண்ணன் கோபப்படவில்லை. அண்ணியின் வளையல் அடகுக்குப் போன அன்று மாடிப்படியில் உட்கார்ந்து ஒரே ஒரு வார்த்தை சொன்னார்.

"ரெண்டாயிரம் ரூபாய்க்கு நான் பொய் சொல்ற ஆள் இல்ல தம்பி. அன்னிக்கு அது பொய்னே தோணல."

எனக்கும்தான் தோன்றவில்லை ஸார். அதுதான் பயமாக இருந்தது.

'ஆம்' என்று டிக் போட்டேன். ஏஜென்ட் தம்பி என்னை ஒரு நோயாளியைப் போலப் பார்த்தார்.

*

வீட்டுக்கு வந்து ஒரு காகிதத்தில் கணக்குப் போட்டேன். பம்பர் ரிப்பேர் பில் 9,000. பிளாஸ்டிக் சாமானுக்குப் பாதி தேய்மானம், நம் பங்காகக் கட்டாயக் கழிவு 1,000 போக, க்ளெய்மில் எனக்கு வந்தது 5,000. போனது? க்ளெய்ம் வாங்காமல் இருந்தால் 45, 50, 50, 50, 50. வாங்கியதால் 0, 20, 25, 35, 45. வித்தியாசத்தைக் கூட்டினால் 120 சதவிகிதம். பிரீமியம் மாறாது என்று வைத்துக்கொண்டால் ஐந்து வருஷத்தில் 7,200 ரூபாய்! ஐயாயிரம் வாங்க ஏழாயிரத்து இருநூறு கொடுத்திருக்கிறேன். பி.காம். ஃபர்ஸ்ட் கிளாஸ்!

ஆகவே நண்பர்களே, சின்னக் கீறலுக்கெல்லாம் க்ளெய்ம் ஃபாரத்தைத் தூக்காதீர்கள். முதலில் இந்தக் கூட்டலைப் போட்டுப் பாருங்கள். பெரிய செலவென்றால் தாராளமாக வாங்குங்கள், அதற்குத்தானே பிரீமியம் கட்டுகிறோம். ஆனால் வாங்கினதை 'வாங்கவில்லை' என்று மட்டும் சொல்லாதீர்கள்.

ராத்திரி சாப்பிடும்போது நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சகதர்மிணியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். நேர்மை, பரிபூரண நம்பிக்கை, அண்ணன், வளையல், டிக் எல்லாம்.

முழுசாகக் கேட்டுவிட்டு ரசத்தை ஊற்றினாள்.

"முன்னப் பின்ன தெரியாத கம்பெனிகிட்ட 2,700 ரூபாய் கொடுத்து உண்மை பேசிட்டு வந்திருக்கீங்க. என்கிட்ட ஓசியிலயே பேசலாமே... அன்னிக்கு சூளகிரியில லாரிதான் சடன் பிரேக் போட்டுச்சா, இல்ல நீங்க செல்போன் பார்த்துட்டு இருந்தீங்களா?"

ரசம் நன்றாக இருந்தது என்றேன்.