பூசி மறைத்த தூண் எவ்வளவு தாங்கும்?

போரில் ஷெல் பட்ட வீடுகள் பல இன்று வெள்ளையடித்து நிற்கின்றன. வெளிநாட்டிலிருந்து பிள்ளைகள் காசு அனுப்ப, சிலவற்றின் மேல் மாடியும் எழும்புகிறது. வரைபடத்தில் மாடி இருக்கும். கீழே தூணில் பட்ட காயம் இராது.

உயர்தரத்தில் பௌதிகவியல் படித்தவர்களுக்குத் தகைப்பு ஞாபகம் இருக்கும்: சுமையைக் குறுக்குவெட்டுப் பரப்பால் வகுத்தால் வருவது. 9 அங்குலத் தூண், அதாவது 225 மில்லிமீற்றர் சதுரம், 30 தொன் சுமந்தால் சதுர மில்லிமீற்றருக்குச் சுமார் 6 நியூட்டன் (கம்பியின் பங்கை விட்டுவிடுவோம்). ஒரு பக்கத்தில் 50 மில்லிமீற்றர் சிதறிப்போயிருந்தால் பரப்பில் குறைவது 22 சதவீதம்தான். ஆனால் சுமை பழைய நடுக்கோட்டிலேயே இறங்க, மிச்சத் தூணின் மையம் 25 மில்லிமீற்றர் விலகிவிடுகிறது. தூண் வளையப் பார்க்கும். காயம்பட்ட பக்கத்து விளிம்பில் தகைப்பு 14 நியூட்டனைத் தொடும். இரண்டு மடங்குக்கும் மேல்.

மேசன் அப்பிவிட்ட சீமெந்து இதைக் குறைக்காது. தூண் ஏற்கெனவே அமுங்கிவிட்டது. அந்த விகாரம் புதுப் பூச்சில் இல்லை, ஆகவே பழைய சுமையில் அது பங்கெடுக்காது. முட்டுக் கொடுத்துச் சுமையை இறக்கிய பிறகே தூணைத் திருத்தியிருக்க வேண்டும். உள்ளே கம்பி துருப்பிடித்தால் பருத்துக் கொங்கிறீற்றைப் பிளக்கும். கடற்கரைப் பக்கம் இது விரைவு.

இந்திய வீடமைப்புத் திட்டத்தில் புது வீட்டுக்கு 550,000 ரூபாவும் திருத்த வேலைக்கு 250,000 ரூபாவும் கொடுத்தார்கள். கூரையும் கதவும் போட்ட பின் தூணைச் சோதிக்க அதில் என்ன மிஞ்சும்? மாடிக்கு அனுமதி கொடுக்கும் பிரதேச சபைகளாவது, கீழ்த் தூண்களின் பூச்சைத் தட்டிப் பார்த்த பொறியியலாளரின் கையெழுத்தைக் கேட்கலாம்.