கேடயம் சின்னக் கல்லூரிக்கு, ஆட்டக்காரர் பெரிய கல்லூரிக்கு!

அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்தில் லூ ஹென்சன் விருது என்று ஒன்று உண்டு. 2010ல் ஆரம்பித்தது. பணக்காரக் கூட்டமைப்புகளுக்கு வெளியே, 'மிட் மேஜர்' என்று சொல்லப்படும் நடுத்தரக் கல்லூரிகளில் ஆடும் சிறந்த வீரருக்கு வருடா வருடம் தரப்படுவது. நல்ல விஷயம்தானே என்று தோன்றும். நல்ல விஷயமாகத்தான் இருந்தது. இன்றைக்கு அந்தப் பரிந்துரைப் பட்டியல், பெரிய கல்லூரிகள் கையில் வைத்துக்கொண்டு கடைக்குப் போகும் மளிகைச் சீட்டு மாதிரி ஆகிவிட்டது.

முதலில் கணக்கு. அமெரிக்காவின் முதல் பிரிவில் 360க்கும் அதிகமான கல்லூரி அணிகள் ஆடுகின்றன. டிவி பணம் குவிந்து கிடப்பது ஐந்து பெரிய கூட்டமைப்புகளில், ஏறத்தாழ 80 கல்லூரிகளில். மீதி எல்லாம் கையைக் கடித்துக்கொண்டு அணி நடத்துபவை. ஸ்டீஃபன் கர்ரி ஆடிய டேவிட்சன் அப்படி ஒரு கல்லூரி. டேமியன் லில்லார்ட் ஆடிய வீபர் ஸ்டேட் இன்னொன்று. இருவரும் அங்கேயே வளர்ந்து, அங்கிருந்தே நேராக என்பிஏவுக்குப் போனார்கள்.

இன்றைக்கு அப்படி நடக்குமா? சந்தேகம்தான்.

2021க்கு முன்பு கல்லூரி மாறும் வீரர் பொதுவாக ஒரு சீசன் ஆடாமல் உட்கார வேண்டும். 2021ல் ஒரு முறை தடையில்லாமல் மாறலாம் என்றார்கள். அதே வருடம் ஜூலையில் வீரர்கள் தங்கள் பெயரை வைத்து விளம்பரப் பணம் வாங்கவும் வழி திறந்தது. 2024ல் எத்தனை முறை வேண்டுமானாலும் மாறலாம் என்று ஆனது. 2025 ஜூலை முதல், எல்லா விளையாட்டுகளுக்கும் சேர்த்து ஒரு கல்லூரியே வருடத்துக்கு சுமார் 2.05 கோடி டாலர் வரை வீரர்களுக்கு நேரடியாகக் கொடுக்கலாம். உச்சவரம்பு எல்லோருக்கும் ஒன்றுதான். பணப்பெட்டி எல்லோருக்கும் ஒன்றா என்ன?

விளைவைப் பாருங்கள். வால்டர் கிளேட்டன் ஜூனியர் 2021 முதல் இரண்டு வருடம் ஆடியது நியூயார்க் பக்கத்து அயோனாவில். 2023ல் புளோரிடாவுக்கு மாறினார். 2025ல் புளோரிடா தேசிய சாம்பியன், இறுதிச் சுற்றின் சிறந்த வீரர் கிளேட்டன். நாற்றங்கால் ஓர் ஊரில், அறுவடை இன்னோர் ஊரில். காமர்ஸ் பாஷையில் சொன்னால், செலவு ஒருத்தர் பேரேட்டில், வருமானம் இன்னொருத்தர் பேரேட்டில். அந்த 2025 போட்டியில் கடைசி 16 இடங்களுக்கு வந்த அணிகள் அத்தனையும் நான்கே பெரிய கூட்டமைப்புகளைச் சேர்ந்தவை. 2022ல் கென்டக்கியைக் கவிழ்த்துக் கடைசி எட்டு வரை போனதே செயின்ட் பீட்டர்ஸ், அது மாதிரி ஒரு சின்னக் கல்லூரிகூட அந்த 16ல் இல்லை.

உடனே ஒரு கூட்டம் கிளம்பும். "பார்த்தீர்களா, பையன்களுக்கு விசுவாசம் இல்லை, பழையபடி கட்டிப் போடுங்கள்" என்று. இதைவிடப் பெரிய அயோக்கியத்தனம் கிடையாது. அதே செயின்ட் பீட்டர்ஸ் பயிற்சியாளர், அந்த அதிசய ஓட்டம் முடிந்த கையோடு சீட்டன் ஹாலுக்குப் போனார். அவரை யார் ஒரு வருடம் உட்காரச் சொன்னார்கள்? கிளேட்டன் அயோனாவை விட்ட அதே 2023ல், அவருடைய பயிற்சியாளர் ரிக் பிட்டினோவும் செயின்ட் ஜான்ஸுக்கு மாறினார். கோட் போட்டவர் போனால் முன்னேற்றம், பனியன் போட்டவர் போனால் துரோகமா? 20 வயதுப் பையனுக்குக் குடும்பத்தைத் தூக்கி நிறுத்தும் பணம் கிடைக்கும்போது போகாதே என்று சொல்ல யாருக்கும் உரிமை இல்லை.

தப்பு போகிறவரிடம் இல்லை. வாங்குகிறவர் வளர்த்தவருக்குக் காலணா கொடுக்காமல் வாங்குவதுதான் தப்பு.

இதற்குத் தீர்வு புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. கால்பந்தில் ஒரு வீரர் நாடு விட்டு நாடு விலைக்குப் போனால், அந்தத் தொகையில் 5 சதவீதம், அவரை 12 முதல் 23 வயது வரை பயிற்றுவித்த கிளப்புகளுக்குப் பிரிந்து போக வேண்டும் என்பது ஃபிஃபா விதி. அமெரிக்கக் கல்லூரிகளிலேயேகூட, ஒப்பந்தம் முடியும் முன் பயிற்சியாளர் கிளம்பினால் பழைய கல்லூரிக்கு ஈட்டுத்தொகை கட்டும் வழக்கம் இருக்கிறது. பயிற்சியாளருக்கு இருக்கும் நியாயம் வீரரை வளர்த்த கல்லூரிக்கு ஏன் எட்டவில்லை? வீரருக்குப் பேசும் தொகைக்கு மேல் 5 சதவீதத்தை வாங்கும் கல்லூரி தன் கையிலிருந்து முந்தைய கல்லூரிக்குக் கட்டட்டும். அந்தச் சுமையில் கொஞ்சம் சுற்றி வளைத்து வீரர் தலையில் விழும் என்று பொருளாதாரம் படித்தவர்கள் சொல்வார்கள். உண்மைதான். ஆனால் ஒரு வருடம் ஆடாமல் உட்கார்வதோடு ஒப்பிட்டால் அது தூசு.

கடைசியாக அந்தப் பெயருக்கு உரியவர். லூ ஹென்சன் நியூ மெக்சிகோ ஸ்டேட் அணியை 1970ல் கடைசி நான்குக்குக் கொண்டு போனார். 1975ல் பெரிய கல்லூரியான இல்லினாய்க்கு மாறி, 1989ல் அதையும் அதே இடத்துக்குக் கொண்டு போனார். 1997ல் பழைய கல்லூரிக்கே திரும்பி வந்தார். மாறியதற்காக யாரும் அவரைத் தூற்றவில்லை, விருதுக்கே பெயர் வைத்தார்கள். அந்த மரியாதையை வீரர்களுக்கும் கொடுங்கள். அவர்களை வளர்த்த கல்லூரிக்குக் கேடயத்தோடு ஒரு காசோலையும் அனுப்புங்கள்.